நாலு வயதுக்குக் கொப்பி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

விஜயதசமிக்கு ஏடு தொடக்கிய கையோடு முன்பள்ளிக்கு வரும் முதற் கேள்வி, “பிள்ளை இன்னும் எழுதத் தொடங்கேல்லையோ?” என்பதுதான். கிளிநொச்சி, மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று வன்னியில் எங்கு போனாலும் இதே கேள்வி. சிறு கொடுப்பனவுக்கு வேலைசெய்யும் முன்பள்ளி ஆசிரியை, பிள்ளையை வேறு நேசறிக்கு மாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் கொப்பியைத் திறக்கிறார். மூன்றரை, நாலு வயதுப் பிள்ளை ஒரு பக்கம் முழுக்க ‘அ’, அடுத்த பக்கம் முழுக்க ‘ஆ’ என்று நிரப்புகிறது. அதே பிள்ளை தரம் 3க்கு வந்தபின் கரும்பலகையில் உள்ளதை அச்சுப்போலப் பார்த்து எழுதும். பார்க்காமல் ‘பட்டம்’ எழுதச் சொன்னால் ‘பட’ என்று எழுதிவிட்டு ரீச்சரின் முகத்தைப் பார்க்கும். ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் எவருக்கும் இந்தப் பிள்ளையைத் தெரியும். பிள்ளைக்கு மூளை மந்தம் என்று வீட்டில் முடிவுகட்டிவிடுகிறார்கள். பேச்சு வளரவேண்டிய நேரத்தைக் கொப்பி தின்றுவிட்டது என்பதுதான் நடந்தது. இதைச் சற்று விரிவாக எழுத இடம் தருவீர்கள் என்று நம்புகிறோம்.

பிள்ளை மொழியைக் கேட்கத் தொடங்குவது தாயின் வயிற்றில். பிறந்த சில நாளில் தாயின் குரலை மற்றக் குரல்களிலிருந்து பிரித்து அறியும். அரை வயதில் எந்த மொழியின் ஒலியையும் பிரித்துக் கேட்கும் காது அதற்கு இருக்கிறது. 1984இல் கனடாவில் உளவியல் ஆய்வாளர்களான ஜனெட் வேர்க்கரும் ரிச்சர்ட் ரீஸும் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி மொழியின் த, ட ஒலிகளைக் கேட்கவைத்துப் பார்த்தார்கள். 6 முதல் 8 மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் வேறுபாட்டைப் பிடித்தன. 10 முதல் 12 மாதத்தில் அந்தத் திறன் பெரிதும் போய்விட்டிருந்தது. வீட்டில் கேட்காத ஒலியைக் காது கைவிட்டுவிடுகிறது. எங்கள் வீடுகளில் பத்து, பட்டு, பற்று மூன்றும் மூன்று விதமாக ஒலிக்கின்றன. தொட்டிலில் கிடக்கும் குழந்தை அந்த மூன்றையும் காதில் வாங்கி வைத்துக்கொள்கிறது. அதற்குக் கொப்பியும் வேண்டாம், ரியூசனும் வேண்டாம். ஆள் வேண்டும்.

ஆள் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2003இல் அமெரிக்காவில் ஆய்வாளர் பற்றீசியா கூலின் குழுவினர் 9 மாதக் குழந்தைகளைச் சீன மொழி பேசுபவர்களோடு 12 தடவை விளையாட விட்டார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரிக்கப் பழகின. அதே ஆட்கள் அதே கதையைச் சொல்வதைக் காணொளியில் மட்டும் பார்த்த குழந்தைகள் ஒன்றும் பழகவில்லை. சோறு தீத்தும்போது கைத்தொலைபேசியைப் பிடித்துக் காட்டும் வழக்கம் இன்று தோட்டக்காணி வீடுகள் வரை வந்துவிட்டது. காட்டூன் பார்த்துப் பிள்ளை இந்தியத் தமிழ் கதைக்கிறது என்று சிலர் கவலைப்படுகிறார்கள். அதில் பெரிய நட்டமில்லை, நாலு மாதத்தில் மாறிவிடும். திரை பிள்ளைக்கு மறுமொழி சொல்லாது என்பதுதான் நட்டம். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதில் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

ஆறேழு மாதத்தில் ‘பபப’, ‘மமம’ என்ற மழலை, ஒரு வயதளவில் முதற் சொல், இரண்டு வயதுக்குள் ஐம்பது சொல்லளவும் ‘அம்மா வா’, ‘மாடு போட்டுது’ என்று இரண்டு சொற் சேர்க்கையும், நாலு வயதில் வெளியாளுக்கும் விளங்கும் பேச்சு: பெரும்பாலான பிள்ளைகள் போகும் வழி இது. ப, ம, த, ந முதலில் வரும். ர, ற, ள போன்றவை கடைசியில் வரும். மூன்று வயதில் ‘மரம்’ என்பதை ‘மயம்’ என்று சொல்லும் பிள்ளையைத் திருத்தி வாட்டவேண்டாம்.

ஆனால் 12 மாதத்தில் மழலையோ கைகாட்டலோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 24 மாதத்தில் தானாகச் சேர்த்த இரண்டு சொல் இல்லை, அல்லது வந்த பேச்சு எந்த வயதிலாவது நின்றுபோனது என்றால் காத்திருக்கக் கூடாது. “ஆம்பிளைப்பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்” என்பார்கள். சராசரியாகப் பார்த்தால் அந்தப் பிந்தல் ஓரிரு மாதம்தான். வசம்பு உரைத்து நாக்கில் தடவிப் பேச்சு வந்ததும் இல்லை. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தரிடம் போய், முதலில் காதுச் சோதனைக்கு எழுதித் தரும்படி கேளுங்கள். அடிக்கடி காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு அரைகுறையாகத்தான் கேட்கும். கேட்காத ஒலி வாயில் வராது, பிறகு எழுத்திலும் வராது.

இனி வீட்டுக் கதை. பிள்ளை கேட்டதைத் திருப்பிச் சொல்வதில்லை. கேட்டதிலிருந்து விதி கட்டுகிறது. ‘அவனுக்கு’, ‘அண்ணனுக்கு’ என்று கேட்டுவிட்டு ‘நானுக்கு’ என்கிறது. ‘வீட்டில’, ‘றோட்டில’ கேட்ட பிள்ளை ‘மரம்ல’ என்கிறது. இது பிழையென்று தோன்றும். உண்மையில் இலக்கணம் வேலைசெய்யத் தொடங்கிவிட்டதற்கு அடையாளம். “நானுக்கு இல்லை, எனக்கு எண்டு சொல்லு” என்று மறித்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். “ஓம் குஞ்சு, உங்களுக்கும் தாறன், எனக்கும் ஒண்டு வேணும்” என்று சொல்லிவிட்டுப் போனால் சரியான வடிவம் காதில் விழுந்துவிடும். இப்படி நூறு தடவை விழுந்தபின் தானாக மாறும். பிள்ளை ‘மாடு’ என்றால் “ஓம், மாடு. சிவத்த மாடு. வைக்கல் தின்னுது” என்று இரண்டு சொல் கூட்டிக் கொடுங்கள். கேள்வி கேட்டபின் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். மறுமொழியைப் பெரியவர்களே சொல்லிவிடுவதால்தான் பல பிள்ளைகள் கதைக்காமல் தப்பிக்கொள்கின்றன.

வன்னியில் இன்று முன்பள்ளிப் பிள்ளைகளின் தாய் தகப்பன் பலர், 2009க்கு முந்திய இடப்பெயர்வுகளில் பள்ளிக்கூடம் குழம்பியவர்கள். “எனக்கே எழுத்து வராது, நான் எப்பிடிப் பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்கிறது?” என்று ஒதுங்குகிறார்கள். எழுத்து வராத தாய்க்கும் இதையெல்லாம் செய்யலாம். வரம்பில் நடக்கும்போது கண்டதைச் சொல்வது, அம்மம்மா போடும் நொடி, படுக்கும்போது ஒரு கதை, அதே கதையை மறுநாள் பிள்ளையிடம் கேட்பது. “பிறகு என்ன நடந்தது?” என்று கேட்டால் பிள்ளை வசனம் கட்டும். “இது என்ன?” என்று கேட்டால் ஒரு சொல்லோடு முடித்துவிடும்.

எழுத்துக்கு முந்திய படி ஒன்று இருக்கிறது. அதைப் பெரும்பாலும் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறோம். சொல்லைத் துண்டாக்கிக் கேட்கும் காது பிள்ளைக்கு வரவேண்டும். கைதட்டல் போதும். மல்-லா-வி, மூன்று தட்டு. கி-ளி-நொச்-சி, நாலு. இ-ர-ணை-ம-டு, ஐந்து. ஊர்ப் பெயர், கூடப் படிக்கும் பிள்ளைகளின் பெயர், சாப்பாட்டுப் பெயர் என்று நாளுக்குப் பத்து நிமிடம் தட்டினால் ஒரு தவணையில் காது திறந்துவிடும். பிறகு “மல்லாவியில் ‘மல்’லை எடுத்தால் மிச்சம் என்ன?” என்று கேட்கலாம். அதன்பின் மாங்-கு-ளம். இதில் முதல் தட்டை நீட்டிச் சொல்லவைத்து அதன் வாலில் இருக்கும் ‘ங்’கைக் கேட்கவைக்க வேண்டும். புள்ளி எழுத்துக்குத் தனித் தட்டுக் கிடையாது. அதனால் பிள்ளையின் காதுக்கு அது தெரிவதில்லை. ‘மாங்குளம்’ என்பதை ‘மாகுளம்’ என்றும் ‘பந்து’ என்பதை ‘பது’ என்றும் எழுதுவது இதனால்தான். கவனமின்மை என்று அடிக்கிறோம். அந்த வாலை யாரும் கேட்கவைத்ததில்லை.

கையும் ஒரு விடயம். நிமிர்ந்த கோடு இரண்டு வயதிலும் வட்டம் மூன்றிலும் சிலுவைக் கோடு நாலிலும் வரும். சரிந்த கோடும் முக்கோணமும் ஐந்தை ஒட்டித்தான் வரும். ‘அ’வில் சுழியும் வளைவும் குறுக்குக் கோடும் நிமிர்ந்த கோடும் ஒன்றாக இருக்கின்றன. எங்கள் அரிச்சுவடியின் முதல் எழுத்தே கைக்குக் கடினமான எழுத்துகளில் ஒன்று. விஜயதசமிக்கு அரிசியில் விரலால் எழுதுவது நல்ல தொடக்கம்; விரல் அசைவைப் படிக்கிறது. மறுநாட்காலை கொப்பிக்குப் போகாமல் மணலிலேயே ஒரு வருடம் நின்றால் போதும். குளக்கட்டுக் களிமண் உருட்டுவது, கடதாசி கிழிப்பது, விதை கோப்பது எல்லாம் பென்சில் பிடிக்கும் அந்த மூன்று விரலுக்குத்தான். இடக்கைப் பிள்ளையை வலக்கையால் எழுதவைப்பதை ஏடு தொடக்கிய நாளோடு விட்டுவிடுங்கள், அது இடக்கையாலேயே எழுதட்டும்.

புள்ளிக் கோட்டில் அச்சடித்த எழுத்தின்மேல் எழுதவிடுவது இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறது. அதில் பிள்ளை எந்தப் பக்கமிருந்தும் கோட்டை இணைக்கும். ‘ப’வை வலப்பக்கத்தில் தொடங்கி இடப்பக்கம் இழுத்தாலும் வடிவம் சரியாகத்தான் இருக்கும், கொப்பிக்குச் சரி போட்டுவிடுவார்கள். தரம் 3இல் வேகமாக எழுதவேண்டி வரும்போது அந்தக் கை பின்தங்கும். ரீச்சர் எழுதும் கையைப் பிள்ளை பார்க்கவேண்டும். எழுதி முடித்த எழுத்தைப் பார்ப்பது போதாது.

எழுத்தின் வரிசைக்கு வருவோம். 247 எழுத்தையும் ஒப்புவித்தால் தமிழ் முடிந்தது என்ற எண்ணத்தை விடவேண்டும். ‘ஙௌ’ வரும் தமிழ்ச் சொல் ஒன்றும் இல்லை. தரம் 1 பிள்ளை அதை எதற்கு எழுதவேண்டும்? ட, ப, ம மூன்றும் நேர்கோட்டை அடியாகக் கொண்டவை. இந்த மூன்றோடு அரவும் (ா) புள்ளியும் சேர்ந்தால் படம், பாடம், பட்டம், மாமா, பாட்டா, பாப்பா என்று உடனே சொல் பிறக்கும். ‘ய’ சேர்ந்தால் பாய், பயம். அதன்பின் ‘அ’ வந்தால் அம்மா, அப்பா, அப்பம். முதற் கிழமையிலேயே பிள்ளை ஒரு சொல்லை வாசித்துவிடும். எழுத்து எதற்கு என்பது அதற்கு விளங்கிவிடும். அ முதல் ஔ வரை வரிசையாக எழுதும் பிள்ளைக்கு அந்த விளக்கம் கிடைக்க மாதக்கணக்காகும். உயிரெழுத்து மட்டும் வைத்து எத்தனை சொல் எழுதலாம், நீங்களே சொல்லுங்கள்.

பிள்ளைகள் இடறும் இரண்டு இடங்களில் ஒன்று கொம்பு. ‘கெ’யில் கொம்பு முதலில் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் எழுத்தை இரண்டு பக்கமும் அணைத்து நிற்கிறது. கொம்பைத் தனி எழுத்தாக எண்ணிப் பிள்ளை திக்கும். கொம்பையும் எழுத்தையும் ஒரே அட்டையில் எழுதி ஒன்றாகவே காட்டவேண்டும். பிரித்துக் காட்டக் கூடாது. மற்றது உகர வரிசை. அரவும் கொம்பும் எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி, உகரம் அப்படியில்லை. சு, பு, யு, வு என்பவற்றில் கோடு நேரே கீழே இறங்கும். டு, மு, ரு, ழு, ளு என்பவற்றில் அடியால் வளைந்து சுற்றும். ணு, து, நு, லு, று, னு என்பவற்றில் கீழே போய் மேலே திரும்பும். இவை நெடிலாகும்போது ணூ, தூ, நூ என்று அரவுபோல ஒரு கால் கூடும். ‘கூ’ தனி. இப்படிக் குடும்பம் குடும்பமாக, ஒரு கிழமைக்கு ஒன்றாகக் கொடுத்தால் பிடித்துவிடும். கு, ஙு, சு என்று அரிச்சுவடி வரிசையில் போனால் வடிவம் அடிக்கடி மாறிக்கொண்டே போகும், பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

இனி, எங்கள் வாய்ப்பேச்சுக்கும் புத்தகத் தமிழுக்கும் இடையிலுள்ள தூரம். தரம் 1 பிள்ளை ஒன்று இப்படிக் கதை சொல்கிறது என்று வைப்போம்: “நேற்று எங்கட மாடு குளத்துக்க இறங்கிட்டுது. அப்பா ஓடிப்போய்க் கலைச்சவர்.” ரீச்சர் அதைச் சொன்னபடியே பலகையில் எழுதி, விரல் வைத்து வாசித்துக் காட்டவேண்டும். பிள்ளை தன் வாயால் சொன்னதுதானே, அடுத்த தடவை தானே வாசிக்கும். தரம் 2 முடியும்வரை இதுவே போதும். தரம் 3இல் பக்கத்தில் மற்ற வடிவத்தை எழுதலாம்: “நேற்று எங்கள் மாடு குளத்துக்குள் இறங்கிவிட்டது. அப்பா ஓடிப்போய்க் கலைத்தார்.” போறன், வாறன், செய்யிறன் என்பவை போகிறேன், வருகிறேன், செய்கிறேன் ஆவதை நாலைந்து சோடி பார்த்தால் மிச்சத்தைப் பிள்ளையே சொல்லும். தொடக்கத்திலேயே ‘எங்கட’வைச் சிவப்புப் பேனையால் வெட்டினால், தான் கதைப்பது எழுதத் தகாதது என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். பிறகு “நான் ஒரு பசு, எனக்கு நான்கு கால்கள் உண்டு” என்பதற்கு மேல் அதன் கட்டுரை நகராது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அவர்கள் வீட்டுப் பேச்சு வேறு. அதையும் அப்படியே பலகையில் ஏற்றலாம்.

எழுத்துப் பிழையில் பாதிக்குப் பேச்சே கணக்குச் சொல்லிவிடும். கன்று எங்கள் வாயில் கண்டு, மூன்று மூண்டு, என்று எண்டு. ‘ண்ட’ என்று கேட்பது பல இடங்களில் ‘ன்ற’ என்று எழுதப்படும்; எல்லா இடத்திலும் இல்லை, வண்டு வண்டுதான். மூக்கெழுத்துக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பெரும்பாலும் பின்னால் வருவதைப் பார்த்தால் போதும்: சங்கு, பஞ்சு, வண்டு, பந்து, பாம்பு, கன்று. இந்த ஆறு சொல்லையும் படத்தோடு சுவரில் ஒட்டிவிட்டால் ஒரு வருடத்துக்குப் போதும். ழ, ள இரண்டும் எங்கள் பேச்சில் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. நாக்கை மடித்துக் காட்டிப் பயனில்லை, கண்ணால்தான் படிக்கவேண்டும். மழை, பழம், வாழை, கோழி, கிழமை ஒரு கூட்டம். குளம், வெள்ளம், பள்ளி, நாளை இன்னொரு கூட்டம். ‘ற்ற’ மட்டும் எங்கள் பிள்ளைகளுக்குச் சுகம், ஏனென்றால் காற்றும் முற்றமும் வாயில் இன்னும் அப்படியே இருக்கின்றன. இந்தியாவில் அச்சான பயிற்சிப் புத்தகம் அதைக் கடினம் என்று பத்துப் பக்கம் கொடுக்கும். அதைத் தாண்டிப் போகலாம்.

துணுக்காய், மடு போன்ற வலயங்களில் ஒரு ரீச்சர் இரண்டு மூன்று வகுப்பைப் பார்க்கும் சிறு பள்ளிகளில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். கைதட்டலும் கதையும் எல்லா வகுப்புக்கும் சேர்த்தே செய்யலாம். தரம் 4 பிள்ளை தரம் 1 பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து 10 நிமிடம் வாசித்துக் காட்டினால் இரண்டுக்கும் நன்மை.

பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் கொப்பியில் எத்தனை பக்கம் நிரம்பியது என்று பார்ப்பதை விட்டு இரண்டைக் கேட்கலாம். முன்பள்ளியில்: இந்தக் கிழமை என்ன கதை சொன்னீர்கள், என் பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லுமா? தரம் 1 முடிவில்: படித்த எழுத்துகளால் ஆன, முன்பு காணாத ஒரு சொல்லைப் பிள்ளை வாசிக்குமா, பார்க்காமல் எழுதுமா? வீட்டிலும் சோதிக்கலாம். ‘மட்டப்பா’ என்று அர்த்தமில்லாத ஒன்றைச் சொல்லி எழுதவையுங்கள். எழுதினால் எழுத்து வந்துவிட்டது. ‘மடபா’ என்று எழுதினால் கைதட்டலுக்குத் திரும்புங்கள். ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டு, கொப்பியில் மட்டும் அழகாக எழுதும் என்றால், பிள்ளை இதுவரை எழுத்தைப் படமாக வரைந்திருக்கிறது; மணலில், ட, ப, ம இலிருந்து மறுபடி தொடங்கவேண்டும். ஆறு வயதில் அதற்கு ஒரு தவணைதான் பிடிக்கும். தரம் 5 புலமைப்பரிசில் நெருங்கும்போது கண்டுபிடித்தால் அத்தனை அவகாசம் யாரும் தரமாட்டார்கள்.

இங்ஙனம்,
ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் சிலர்,
கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள்.